சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் ஒன்று, நேரம் பல

இரண்டு நகரங்களின் பெயரைத் தேடுபெட்டியில் தட்டினால் இரண்டு எண்கள் வந்து நிற்கும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு 15,349 கி.மீ. இடையில் எங்கும் இறங்காமல் போனால் ஏறத்தாழ 18 மணி 40 நிமிடம். 2020 நவம்பரில் இந்தச் சேவை தொடங்கியபோது, உலகிலேயே நீளமான இடைநில்லாப் பயணிகள் விமானம் என்ற பெயர் இதற்கு வந்தது.

பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதானே, தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடாதா? வகுத்துப் பார்ப்போம். இந்தத் தடத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ350 ரக விமானத்தின் பயண வேகம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. 15,349-ஐ 900-ஆல் வகுத்தால் 17 மணி நேரம் வருகிறது. அட்டவணையோ அதற்கு மேல் ஒன்றரை மணி நேரத்துக்கும் கூடுதலாகக் காட்டுகிறது. இன்னொரு விசித்திரமும் உண்டு. அந்த விமானம் 15,349 கி.மீ. மட்டும் பறக்கிற நாள் அபூர்வம். பெரும்பாலும் அதைவிட எண்ணூறு, ஆயிரம் கி.மீ. சுற்றித்தான் போகிறது. சுற்றிப் போவதால்தான் சீக்கிரம் போய்ச் சேர்கிறது என்பது இதில் வேடிக்கை.

ஆக, அந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருந்தாலும் அவ்வளவு நெருங்கிய சொந்தம் இல்லை. தூரம் வடிவியல் கணக்கு. அதில் பேரம் கிடையாது. நேரமோ காற்று, எரிபொருள், நாடுகளின் உறவு, விமான நிலையத்து வரிசை எல்லாம் கூடிப் பேசி முடிவாகிற விஷயம்.

முதலில் தூரம். ஒரு பூகோள உருண்டையும் கொஞ்சம் நூலும் இருந்தால் போதும். நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரில் அழுத்திப் பிடித்து, மறுமுனையை நியூயார்க் வரை தொய்வில்லாமல் இழுங்கள். நூல் தானாகவே நழுவி ஓர் இடத்தில் நிலைகொள்ளும். அதுதான் மிகக் குறுகிய வழி. கணிதத்தில் இதைப் பெருவட்டம் என்பார்கள்: பூமியின் நடுப்புள்ளியையே தன் நடுப்புள்ளியாகக் கொண்ட வட்டம். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். எதிரெதிர் தீர்க்கரேகைகள் இரண்டு சேர்ந்தாலும் ஒரு பெருவட்டம்.

சிங்கப்பூர்–நியூயார்க் இணையை நான் உதாரணத்துக்கு எடுத்ததற்குக் காரணமே இந்த நூல்தான். சாங்கி இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகைக்கு அருகில். நியூயார்க் விமான நிலையம் மேற்கே 73.8 பாகையில். இரண்டையும் கூட்டினால் 177.8 பாகை. உலகம் சுற்றி 360. அதில் பாதி 180. அதாவது இரண்டு நகரங்களும் உருண்டையில் ஏறத்தாழ நேரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. எனவே நூல் கிழக்கேயும் சாயாது, மேற்கேயும் சாயாது. நேராக வடக்கே ஏறி, வட துருவத்தை ஒட்டிக் கடந்து, மறுபுறம் நேராகத் தெற்கே இறங்கும். தாய்லாந்து வளைகுடா, லாவோஸ், சீனத்தின் செங்டு, மங்கோலியா, பைக்கால் ஏரிப் பக்கத்து இர்குட்ஸ்க், சைபீரியா, ஆர்க்டிக் பனி. அப்புறம் கனடாவின் வடக்குத் தீவுகள், கியூபெக், நியூயார்க். பசிபிக்கும் இல்லை, அட்லாண்டிக்கும் இல்லை.

இதனால் இந்தத் தூரத்தைக் கால்குலேட்டர் இல்லாமலே போட்டுவிடலாம். சாங்கியின் அட்சரேகை வடக்கு 1.36 பாகை. அங்கிருந்து துருவம் வரை 90-இல் அதைக் கழித்தால் 88.64 பாகை. நியூயார்க் வடக்கு 40.64 பாகை, துருவத்திலிருந்து அங்கே இறங்க 49.36 பாகை. மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு 60 கலை. தீர்க்கரேகை வழியே ஒரு கலை என்பது ஒரு கடல்மைல். கடல்மைல் என்ற அளவே அப்படிப் பிறந்ததுதான். 138 பெருக்கல் 60, 8,280 கடல்மைல். ஒரு கடல்மைல் 1.852 கி.மீ. என்றால் 15,335 கி.மீ. இணையதளம் சொல்லும் 15,349-க்கும் இதற்கும் பதினான்கு கி.மீ. வித்தியாசம். பூமி துல்லியமான உருண்டையாக இல்லாமல் துருவங்களில் கொஞ்சம் அமுங்கி, நடுவில் கொஞ்சம் பருத்திருப்பதைக் கணக்கில் எடுக்காததால் வந்தது இது. அந்தத் தட்டையையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை தடேயஸ் வின்சென்டி என்ற நில அளவையாளர் 1975-இல் வெளியிட்டார்; பல தூரக் கணிப்பான்கள் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. வெறும் உருண்டை என்று வைத்துப் போடும் கணக்கில் அதிகபட்சம் அரை சதவீதம் பிசகும், அவ்வளவுதான்.

சுவரில் மாட்டும் தட்டை வரைபடம் இந்த விஷயத்தில் நம்மைக் காலங்காலமாக ஏமாற்றி வருகிறது. சிட்னியும் சிலியின் சாண்டியாகோவும் தெற்கே கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில், 33–34 பாகையில் இருக்கின்றன. வரைபடத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து, இதுதான் நேர்வழி என்று சொல்லத் தோன்றும். அந்தக் கோட்டிலேயே பறந்தால் 12,700 கி.மீ.க்கு மேல் வரும். நூல் காட்டும் வழி சுமார் 11,340 கி.மீ.தான். ஆனால் அது தெற்கே 61 பாகை வரை, அண்டார்க்டிகாவின் பக்கம் இறங்கி ஏறுகிறது. வரைபடத்தில் வளைந்து தெரிவதுதான் நேர். நேராகத் தெரிவது சுற்று.

இன்னொன்றும் இதிலிருந்தே தெரியும். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. அப்படியானால் எந்த இரண்டு நகரமும் 20,000 கி.மீ.க்கு மேல் விலகி இருக்க முடியாது. தூரத்துக்கு இப்படி ஒரு கூரை இருப்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

காற்று எழுதும் கணக்கு

இனி நேரம். இங்கேதான் சுவையான பகுதி தொடங்குகிறது.

ஜன்னலோரம் உட்கார்ந்து முன்னிருக்கையின் முதுகில் உள்ள திரையைக் கவனித்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். ஒருமுறை வட பசிபிக் மேல் நள்ளிரவில் தூக்கம் வராமல் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளி வெப்பநிலை மைனஸ் 56. வேகம் 1,040, 1,065, 1,080 என்று ஏறிக்கொண்டே போயிற்று. அந்தக் குளிரில் ஒலியின் வேகமே மணிக்குச் சுமார் 1,062 கி.மீ.தான். அப்படியென்றால் நாங்கள் ஒலியைத் தாண்டிவிட்டோமா? இல்லை. திரையில் ஓடுவது தரைவேகம். கீழே இருக்கிற கடலோடு ஒப்பிட்ட வேகம். விமானத்துக்கோ சுற்றியுள்ள காற்றுதான் உலகம். அந்தக் காற்றுக்குள் அது ஒலிவேகத்தில் 85 விழுக்காடு, அதாவது 900 கி.மீ. வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தக் காற்றே எங்களைத் தூக்கிக்கொண்டு கிழக்கே 180 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும் ஆற்றில் பரிசல் போடுவது போலத்தான். துடுப்பு ஒன்றே, போகும் திசையைப் பொறுத்துக் கரை நகரும் வேகம் வேறு.

ஒன்பது முதல் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் இந்த ஆற்றுக்குத் தாரைக்காற்று என்று பெயர். ஜெட் ஸ்ட்ரீம் என்றால் உடனே புரியும். வெப்ப மண்டலத்துச் சூடான காற்றும் துருவத்துக் குளிர்ந்த காற்றும் சந்திக்கும் எல்லைகளில், பூமியின் சுழற்சியால் திருப்பப்பட்டு இது உருவாகிறது. குளிர்காலத்தில் அந்த வெப்ப வித்தியாசம் கூடும், காற்றும் வலுக்கும். உச்சத்தில் மணிக்கு 400 கி.மீ.யைத் தொடுவதும் உண்டு.

இதைக் கண்டறிந்த கதை ஒரு சின்னச் சோகம். 1920-களில் ஜப்பானின் டடேனோ ஆய்வகத்தில் வசாபுரோ ஓயிஷி என்ற வானிலை அறிஞர் பலூன்களைப் பறக்கவிட்டு, மேலே பலத்த மேற்குக் காற்று வீசுவதை அளந்து எழுதினார். உலகம் முழுக்கப் படிக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் 1926-இல் தன் அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் வெளியிட்டார். எல்லோருக்கும் பொதுவான மொழி. அதனால் யாரும் படிக்கவில்லை. பதினெட்டு ஆண்டு கழித்து, 1944-இல், ஜப்பான் மேல் உயரப் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் நேருக்கு நேர் போய் மாட்டின. குண்டுகள் இலக்கை விட்டு விலகி விழுந்தன.

பயணிகள் விமானம் இந்தக் காற்றைக் காசாக்கியது 1952 நவம்பரில். பான் ஆம் நிறுவனம் டோக்கியோவிலிருந்து ஹோனலுலுவுக்கு 25,000 அடி உயரத்தில் காற்றோடு சேர்ந்து ஒரு விமானத்தை ஓட்டிப் பார்த்தது. பதினெட்டு மணி நேரப் பயணம் பதினொன்றரை மணி நேரத்தில் முடிந்தது. எஞ்சின் மாறவில்லை, விமானம் மாறவில்லை. உயரமும் வழியும் மட்டும் மாறின.

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். நூல் காட்டும் துருவ வழியில் கிழக்கு நோக்கிய காற்று குறுக்கே அடிக்குமே தவிரப் பின்னால் தள்ளாது. அதனால் விமான நிறுவனத்தின் பயணத் திட்டக்காரர்கள், டிஸ்பேச்சர் என்பார்கள் அவர்களை, அன்றன்றைக்குக் காற்றுப் படத்தை வைத்துக்கொண்டு வேறு வழி வரைகிறார்கள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானத்தை வடகிழக்கே திருப்பி, ஜப்பான் பக்கம் கொண்டுபோய் வட பசிபிக் தாரைக்காற்றில் ஏற்றிவிடுவது அடிக்கடி நடக்கும். டோக்கியோ வழியாக அளந்தால் சுமார் 16,200 கி.மீ.; எண்ணூற்றுச் சொச்சம் கி.மீ. கூடுதல். ஆனால் ஒன்பது மணி நேரம் சராசரியாக 100 கி.மீ. பின்காற்று கிடைத்தாலே 900 கி.மீ. இலவசமாக வந்துவிடுகிறது. திரும்பி வரும்போது என்ன செய்வார்கள்? மறுபடியும் கிழக்கேதான். நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பா வழியாகச் சிங்கப்பூர். இரண்டு நகரங்களும் நேரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் எந்தப் பக்கம் போனாலும் பெரிய நஷ்டமில்லை. அப்படி ஒரு முறை போய்த் திரும்பிய பயணி, தெரிந்தோ தெரியாமலோ உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி முடித்திருப்பார்.

இதைவிடத் துணிச்சலான உதாரணம் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா இந்தச் சேவையை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. பழைய வழி சுமார் 13,900 கி.மீ. புதியது 15,300 கி.மீ. முழுதாக 1,400 கி.மீ. அதிகம். ஆனால் விமானம் பதினான்கரை மணி நேரத்தில் போய் இறங்கியது. முன்பைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிச்சம். தூரம் கூடினால் நேரமும் கூடும் என்று யாராவது அடித்துச் சொன்னால் இதை எடுத்துக் காட்டலாம்.

ஒரு திசையில் கிடைத்தது மறு திசையில் போய்விடும், கூட்டிக் கழித்தால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தப்பு. 9,000 கி.மீ. தூரம், வேகம் 900, காற்று 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றோடு போனால் 9 மணி நேரம். எதிர்த்து வந்தால் பதினொன்றேகால். மொத்தம் இருபதேகால் மணி. காற்றே இல்லாத நாளில் போய்வர இருபதுதான். ஒரே வழியில் போய்வந்தால் காற்று எப்போதும் கொஞ்சம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டுதான் விடும். எதிர்காற்றில் கழியும் நேரம் அதிகம், அதனால் இழப்பும் அதிகம். வேறு வேறு வழியில் போய் வருவதன் சூட்சுமம் இதுதான்.

லண்டன்–நியூயார்க் தடத்தில் இந்த வித்தியாசம் கால அட்டவணையிலேயே அச்சாகியிருக்கும். கிழக்கே வர ஏழு மணி நேரம், மேற்கே போக எட்டு. 2020 பிப்ரவரி 9-ஆம் தேதி, கியாரா என்று பெயரிட்ட புயல் அட்லாண்டிக்கைக் கலக்கிக்கொண்டிருந்த இரவில், ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. பயணிகள் விமானங்களில், அந்தத் தடத்தில் அதைவிட வேகமாகப் போனது கான்கார்ட்தான். 1996 பிப்ரவரி 7-இல் 2 மணி 52 நிமிடம் 59 விநாடி. அது ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் பறந்த விமானம், 2003-இல் ஓய்வு பெற்றுவிட்டது.

விமானத்தின் சொந்த வேகமோ அறுபது ஆண்டுகளாகக் கிட்டத்தட்ட அசையவே இல்லை. 1958-இல் பான் ஆம் நியூயார்க்–பாரிஸ் இடையே ஓட்டத் தொடங்கிய போயிங் 707-ம் இன்றைய ஏ350-யும் வேகத்தில் அண்ணன் தம்பி மாதிரிதான். ஒலிவேகத்தை நெருங்க நெருங்க இறக்கையின் மேல் அதிர்வலைகள் உருவாகி இழுவை திடீரென்று எகிறுகிறது; எரிபொருள் தண்ணீராய்ச் செலவாகிறது. எஞ்சின்கள் நாளுக்கு நாள் சிக்கனமாகியிருக்கின்றன, அமைதியாகியிருக்கின்றன. நாம்தான் சீக்கிரம் போய்ச் சேர்வதில்லை.

வானத்துக்கும் வேலி உண்டு

நூல் காட்டிய வழியில் சீனமும் மங்கோலியாவும் ரஷ்யாவும் வந்தன அல்லவா? நூலுக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை, விமானத்துக்கு அனுமதி தேவை. 1944-இல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையின் முதல் பிரிவே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்வெளி மீது முழு உரிமை உண்டு என்கிறது. மேலே பறப்பதற்குக் கட்டணம் வாங்கலாம், கதவைச் சாத்தவும் செய்யலாம்.

சாத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஹெல்சிங்கியைப் பார்க்கவேண்டும். ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்கு மிகக் குறுகிய வழி எங்கள் ஊர் மேலேதான் போகிறது என்று சொல்லி ஒரு விமான நிறுவனமே தன் வியாபாரத்தைக் கட்டியெழுப்பியிருந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் வெடித்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தடை போட, ரஷ்யா பதிலுக்கு ஐரோப்பிய விமானங்களைத் தடுத்தது. ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒரே மாதத்தில் பதின்மூன்று மணி நேரமாயிற்று. விமானங்கள் வட துருவத்தைச் சுற்றியோ, தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ போகத் தொடங்கின. தேடுபெட்டியில் ஹெல்சிங்கி–டோக்கியோ தூரம் அன்றும் இன்றும் ஒரே எண்தான்.

வயதானவர்களுக்கு இது பழைய படத்தின் மறுவெளியீடு. பனிப்போர்க் காலத்தில் சோவியத் வான்வெளி பெரும்பாலும் மூடியே கிடந்தது. 1957 பிப்ரவரியில் ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் கோபன்ஹேகனிலிருந்து வட துருவப் பகுதி வழியாக அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி டோக்கியோ போகும் சேவையைத் தொடங்கியது. அப்புறம் முப்பது ஆண்டுக்கு மேல் ஐரோப்பா–ஜப்பான் பயணிகளுக்கு ஆங்கரேஜ் காத்திருப்புக் கூடம் பழகிப்போன இடம்.

மனிதர் போடும் வேலி போக இன்னொரு வேலியும் உண்டு. இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுபோனால், மீதி ஒன்றை வைத்து எவ்வளவு நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை அடையமுடியும் என்பது கேள்வி. 1953-இல் அமெரிக்கா இதற்கு அறுபது நிமிடம் என்று வரம்பு வைத்தது. அந்த வரம்போடு பெருங்கடலின் நடுவே நேர்வழி போக முடியாது. தீவு தீவாகத் தாவவேண்டும், இல்லையென்றால் மூன்று நான்கு எஞ்சின் வேண்டும். 1985-இல் 120 நிமிடமாயிற்று, பிறகு 180. இன்று ஏ350-க்கு 370 நிமிடம் வரை அனுமதி உண்டு. ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஒற்றை எஞ்சினில். சிட்னி–சாண்டியாகோ மாதிரியான தெற்குத் தடங்கள் இரட்டை எஞ்சின் விமானங்களுக்குத் திறந்தது இதனால்தான்.

எரிபொருளைப் பற்றி ஒரு வார்த்தை. தூரம் கூடினால் எரிபொருளும் அதே விகிதத்தில் கூடும் என்பதில்லை. கூடுதல் எரிபொருளைச் சுமக்கவே தனியாக எரிபொருள் வேண்டும். சிங்கப்பூர்–நியூயார்க் விமானத்தின் தொட்டிகளில் 165,000 லிட்டர் பிடிக்கும். அந்தப் பாரத்துக்கு ஈடாகக் குறைப்பது ஆட்களைத்தான். வழக்கமாக முந்நூறு பேர் உட்காரும் உடலில் 161 இருக்கைகள். சாதாரண வகுப்பே கிடையாது. இந்தச் சேவையை நடத்தும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-இல் நான்கு எஞ்சின் ஏ340 விமானத்தை வைத்து நியூயார்க்கை ஒட்டிய நுவார்க்குக்கு நேராக ஓட்டிப் பார்த்து, எரிபொருள் செலவு தாங்காமல் 2013-இல் நிறுத்தியது. திரும்பத் தொடங்க இரட்டை எஞ்சின் வரும்வரை, 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

டிக்கெட்டில் உள்ள நேரம்

ஆரம்பத்தில் காணாமல்போன ஒன்றரை மணி நேரத்தை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அட்டவணையில் போடும் நேரம் பறக்கும் நேரம் அல்ல. நிறுத்தத்தில் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ள நேரம். இதைத் தொழிலில் பிளாக் டைம் என்பார்கள். வாயிலிலிருந்து பின்னால் தள்ளி, எஞ்சினைக் கிளப்பி, ஓடுபாதை வரை உருண்டு, வரிசையில் நின்று, அப்புறம்தான் பறப்பு. நெரிசலான நிலையத்தில் இந்த உருளலே அரை மணி நேரத்தைத் தின்றுவிடும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் 900-க்கு வெகு கீழே. இறங்குமுன் வட்டமடிக்கச் சொல்வார்கள். ஓடுபாதையின் திசைக்கேற்ப ஊரைச் சுற்றி வரவேண்டும். போதாததற்கு நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே நேரத்தைக் கூட்டி அச்சிடுகின்றன. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கணக்கில் பதினைந்து நிமிடத்துக்குள் வந்தால் அது தாமதமே இல்லை. அதற்கு மேலும் ஒரு மெத்தை போட்டு வைத்தால் நேரந்தவறாத நிறுவனம் என்று பெயர் வாங்கலாம் அல்லவா? முன்னதாக வந்துவிட்டோம் என்று விமானி பெருமையாக அறிவிக்கும்போது நான் கைதட்டுவதில்லை. அது பெரும்பாலும் அட்டவணை போட்டவரின் கைவண்ணம்.

நீங்கள் கணக்குப் போட வேண்டுமானால் ஒரு சுமாரான வழி சொல்கிறேன். பெருவட்டத் தூரத்தை 850-ஆல் வகுத்து அரை மணி முதல் முக்கால் மணி வரை கூட்டுங்கள். கிழக்கே என்றால் சற்றுக் குறையுங்கள், மேற்கே என்றால் சற்றுக் கூட்டுங்கள். நடுவில் மூடிய வான்வெளி இருந்தால் இந்தக் கணக்கைக் கிழித்துப் போடுங்கள்.

கடைசியாகக் கடிகாரம். டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர் நேரங்கள்; ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது பயண நேரம் அல்ல. குளிர்காலத்தில் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் 13 மணி நேர வித்தியாசம், கோடையில் 12. பத்தாம் தேதி தொடங்கும் நள்ளிரவில் சிங்கப்பூரில் கிளம்பினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 18 மணி 40 நிமிடம் கழித்து நியூயார்க்கில் இறங்கினால் அங்கே அதே பத்தாம் தேதி காலை 5.40. கழித்துப் பார்ப்பவருக்கு 5 மணி 40 நிமிடப் பயணம் மாதிரி தெரியும். திரும்பும்போது பத்தாம் தேதி இரவு 10.30-க்கு ஏறி, 18 மணி 50 நிமிடம் பறந்தால், சிங்கப்பூரில் பன்னிரண்டாம் தேதி காலை 6.20. பதினோராம் தேதி முழுவதும் ஆகாயத்திலேயே கரைந்துவிட்டது. இரண்டு நேரங்களையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழித்தால் குழப்பமே வராது. சிங்கப்பூரின் தீர்க்கரேகைப்படி அதன் நேரம் பொது நேரத்துக்கு ஏழு மணி முன்னால் இருக்கவேண்டும். ஆனால் 1982 முதல் அங்கே எட்டு மணி முன்னால்தான் ஓடுகிறது. கடிகாரமும் ஓரளவு அரசியல்தான்.

நீளத்தில் இப்போது முதலிடம் இந்தத் தடத்துக்கு என்றால், அடுத்து வரிசையில் காத்திருப்பது சிட்னி–லண்டன். சுமார் 17,000 கி.மீ. 1919-இல் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் குழு லண்டனை அடுத்த ஹவுன்ஸ்லோவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வினுக்குப் பறந்து சேர 28 நாள் ஆயிற்று. 1947 டிசம்பரில் குவாண்டாஸ் நிறுவனத்தின் கான்ஸ்டலேஷன் விமானம் டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என்று இறங்கி இறங்கி நான்கு நாளில் லண்டன் போயிற்று. 2019 நவம்பரில் அதே நிறுவனம் சுமார் ஐம்பது பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து சிட்னிக்குச் சோதனையாக நேராகப் பறந்தபோது 19 மணி 19 நிமிடம். இந்தத் திட்டத்துக்குப் பெயர் புராஜெக்ட் சன்ரைஸ்.

அந்தப் பெயர் வந்த கதை நேரத்துக்கும் தூரத்துக்கும் உள்ள உறவைத் தலைகீழாகக் காட்டும். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனபின் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே வான்வழித் தொடர்பு அறுந்தது. 1943 முதல் 1945 வரை, பெர்த் நகரின் ஸ்வான் ஆற்றிலிருந்து கேடலினா என்ற நீர்விமானங்கள் இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே கடந்து இலங்கையில் காலிக்குப் பக்கத்துக் கொக்கல ஏரியில் போய் இறங்கின. எரிபொருள் ஏற்ற இடம் வேண்டுமென்று மற்றதையெல்லாம் கழற்றிவிட்டதால் பயணிகள் மூன்று பேருக்குத்தான் இடம். எதிரிக்குக் கேட்காதபடி ரேடியோ மௌனம். இரவில் நட்சத்திரம் பார்த்து வழி கண்டார்கள். தூரம் சுமார் 5,600 கி.மீ.; சிங்கப்பூர்–நியூயார்க் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அவற்றில் மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம் எடுத்தது. நடுவில் எங்கும் இறங்காமல் போய்ச் சேர்வதற்குள் சூரியன் இரண்டு தடவை உதித்ததால், அதில் போனவர்களுக்கு இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கத்தின் உறுப்பினர் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்.